விடுபட்ட ஐந்து வரிசைகள்: ஒரு கணக்கை மறுவாசித்தல்

கணக்கு என்று வந்துவிட்டால் நம் சிறுபத்திரிகை உலகத்தில் இரண்டே நிலைப்பாடுகள்தான். ஒன்று, எண் என்பதே அதிகாரத்தின் மொழி, அதைத் தொட்டாலே தீட்டு என்கிற பாவனை. இன்னொன்று, நமக்குச் சாதகமான எண் ஒன்று கையில் கிடைத்ததும் அதைத் துண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் போட்டு மைக் முன்னால் முழங்குவது. காலையில் முதலாவதாகவும் மாலையில் இரண்டாவதாகவும் ஒரே ஆள் இருக்க முடியும். நானே இருந்திருக்கிறேன். இரண்டிலுமே எண்ணை யாரும் வாசிப்பதில்லை என்பதுதான் என் புகார். நாவலை, சட்டத்தை, சினிமா போஸ்டரைக்கூடப் பிரதியாகப் பாவித்துக் கட்டவிழ்க்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். ஒரு சராசரியைக் கண்டதும் மட்டும் ஏன் பேசாமல் நகர்ந்துவிடுகிறோம்?

இதை வெறும் கோட்பாடாகப் பேச எனக்கு விருப்பமில்லை. ஓர் ஆராய்ச்சி மாணவர் வகுப்புக்காகச் செய்த வீட்டுப்பாடம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். விஷயம் நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது பழங்கதை. ஆனால் அந்தக் கதை சொல்லப்பட்ட விதத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2010இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 'கடன் காலத்தில் வளர்ச்சி' என்று ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். ரோகாஃப் சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்தவர். கட்டுரை வந்தது 'அமெரிக்கன் எக்கனாமிக் ரிவியூ'வின் மாநாட்டு இதழில். அந்த இதழுக்கு வழக்கமான நடுவர் பரிசீலனை கிடையாது. கட்டுரை சொன்னது இதுதான்: முன்னேறிய 20 நாடுகளின் 1946 முதல் 2009 வரையான கணக்கைப் பார்த்தால், அரசின் கடன் அந்த நாட்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய வருஷங்களில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம். அதாவது 90 என்பது ஒரு மலைவிளிம்பு. தாண்டினால் விழுவாய்.

எண் பிறந்த நேரம் அப்படி. 2008 நெருக்கடியில் வங்கிகளைத் தூக்கி நிறுத்தி அரசுகளின் கடன் வீங்கியிருந்த சமயம். வங்கிக்காகப் பட்ட கடனை யார் தலையில் கட்டுவது என்ற கேள்விக்கு, மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஓய்வூதியம் இவற்றின் தலையில் என்று ஆள்வோர் ஏற்கனவே முடிவு செய்திருந்தார்கள். அதற்கு ஓர் எண் தேவைப்பட்டது. பிரிட்டனில் ஜார்ஜ் ஆஸ்போர்ன் நிதியமைச்சர் ஆவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 2010 பிப்ரவரியில், தன் உரையில் இந்த இருவரையும் சாட்சிக்கு அழைத்தார். 2013இல் ஐரோப்பிய ஆணையத்தின் ஒல்லி ரேன் ஐரோப்பிய நிதியமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்திலும், அதே வருஷம் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் பால் ரையன் தயாரித்த பட்ஜெட் திட்டத்திலும் இதே ஆய்வு வந்து நின்றது. அந்த 2013இல் கிரீஸில் வேலையில்லாதோர் சுமார் 27 சதவீதம்.

இங்கேதான் நம் மாணவர் வருகிறார். தாமஸ் ஹெர்ன்டன். அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர், வயது 28. எழுபதுகளிலிருந்தே மார்க்சியர்களுக்கும் பிற மாற்றுப் பொருளாதாரவாதிகளுக்கும் இடம் கொடுத்துவந்த துறை அது. ஆய்வுமுறை வகுப்பில் கொடுத்த வேலை எளிமையானது: பிரசுரமான ஓர் ஆய்வை எடுத்து, அதே தரவிலிருந்து அதே முடிவுக்கு வந்து காட்டு. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், போட்ட பாதையில் ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். ஹெர்ன்டன் ரைன்ஹார்ட்–ரோகாஃப் கட்டுரையை எடுத்தார். வரவில்லை. திரும்பத் திரும்பப் போட்டும் மைனஸ் 0.1 வரவில்லை. ஆசிரியர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? பையன் எங்கோ தப்புப் பண்ணுகிறான் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஹார்வர்டுக்காரர் தப்புப் பண்ணியிருப்பார் என்று முதலில் யாருக்குத்தான் தோன்றும்?

கடைசியில் மூல ஆசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். 2013 வசந்தத்தில் அவர்கள் தங்கள் எக்செல் தாளை அனுப்பிவைத்தார்கள். அனுப்பினார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அனுப்பாமல் இருந்திருக்கலாம், எத்தனையோ பேர் அனுப்புவதில்லை. ஹெர்ன்டன் அந்தத் தாளில் எல் 51 என்ற கட்டத்தின் மேல் அழுத்தினார். சராசரி அங்கேதான் எடுக்கப்பட்டிருந்தது. நாடுகள் இருந்தது 30ஆம் வரிசையிலிருந்து 49 வரை. சூத்திரம் கூட்டியதோ 30 முதல் 44 வரை. அடியிலிருந்த ஐந்து வரிசைகள் விடுபட்டிருந்தன: ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். ஆங்கில அகரவரிசையில் முதல் ஐந்து நாடுகள். தன் கண்ணையே நம்பாமல் தோழியைக் கூப்பிட்டுக் காட்டினாராம்.

ஏப்ரல் 15, 2013 அன்று மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் என்ற தன் ஆசிரியர்களோடு சேர்ந்து ஹெர்ன்டன் கட்டுரையை வெளியிட்டார். அப்புறம் உலகம் முழுக்கச் சிரிப்பு. எக்செல்லில் இழுக்கத் தெரியாத ஹார்வர்டு! தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர்கள் வரைக்கும் போயிற்று. நம் தோழர்களும் சிரித்தார்கள். 'சிக்கன நடவடிக்கையின் அஸ்திவாரமே ஒரு தட்டச்சுப் பிழையாம்!' என்றார்கள்.

என் மனக்குறை இந்தச் சிரிப்பிடம்தான். சிரித்தவர்கள் கட்டுரையை வாசிக்கவில்லை. கொஞ்சம் பொறுமையாக என்னோடு கூட்டிப் பாருங்கள். கால்குலேட்டர்கூட வேண்டாம், மளிகைக்கடைக் கணக்குத்தான்.

அந்தத் தாளில் 90க்கு மேல் கடனிருந்த நாடுகளாகக் கணக்கில் வந்தவை ஏழு. கிரீஸ் 2.9, அயர்லாந்து 2.4, இத்தாலி 1.0, ஜப்பான் 0.7, பிரிட்டன் 2.4. இந்த ஐந்தின் கூட்டல் 9.4. அப்புறம் அமெரிக்கா மைனஸ் 2.0, நியூசிலாந்து மைனஸ் 7.9. இரண்டும் சேர்ந்து மைனஸ் 9.9. மிச்சம் மைனஸ் 0.5. ஏழால் வகுத்தால் மைனஸ் 0.07. தசமத்தைத் திருத்தினால் மைனஸ் 0.1. ஐரோப்பாவை ஆட்டிவைத்த எண் இவ்வளவுதான்.

இப்போது அந்தப் பிரசித்தி பெற்ற எக்செல் பிழையை மட்டும் திருத்துவோம். விடுபட்ட ஐந்தில் ஆஸ்திரியாவும் டென்மார்க்கும் 90ஐத் தாண்டியதே இல்லை. ஆஸ்திரேலியா, கனடாவின் அத்தகைய வருஷங்கள் வேறு விதத்தில் ஏற்கனவே விலக்கப்பட்டிருந்தன. ஆக, உள்ளே வருவது பெல்ஜியம் மட்டும், 2.6. மைனஸ் 0.5ஓடு 2.6ஐக் கூட்டினால் 2.1. எட்டால் வகுத்தால் 0.26. மைனஸ் 0.1 என்பது 0.3 ஆகிறது. உலகமே சிரித்த பிழை சுமந்த பாரம் இவ்வளவுதான். மலைவிளிம்பு கிட்டத்தட்ட அங்கேயே நிற்கிறது.

அப்படியானால் கதை எங்கே இருக்கிறது? நியூசிலாந்தில். போருக்குப் பின் அந்த நாட்டில் கடன் 90க்கு மேல் இருந்த வருஷங்கள் ஐந்து: 1946, 47, 48, 49, 51. இதில் முதல் நான்கு வருஷங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. 1951 மட்டும் எடுக்கப்பட்டது. அந்த வருஷம் வளர்ச்சி மைனஸ் 7.6. அதையும் தாளில் ஏற்றும்போது 7.9 என்று தப்பாக ஏற்றியிருந்தார்கள். ஐந்து வருஷங்களையும் சேர்த்தால் நியூசிலாந்தின் சராசரி 2.6. எண் தலைகீழாகப் புரண்டு நிற்கிறது. மற்ற எதையும் தொடாமல், அந்த ஏழு நாட்டுக் கணக்கில் மைனஸ் 7.9 இருந்த இடத்தில் 2.6ஐ வைத்துப் பாருங்கள். கூட்டல் 10, ஏழால் வகுத்தால் 1.4. ஒரு சின்ன நாட்டின் நான்கு வருஷங்கள், உலகப் பொருளாதாரத்தின் 'விதி' ஒன்றை ஒன்றரைப் புள்ளி நகர்த்துகின்றன.

எப்படி இது சாத்தியம்? பிரிட்டன் 90க்கு மேல் கடனோடு 19 வருஷம் இருந்து, சராசரி 2.4 வளர்ந்தது. நியூசிலாந்தின் கணக்கில் இருந்தது ஒரே வருஷம். ஆனால் ரைன்ஹார்ட்–ரோகாஃப் நாட்டுக்கு ஓர் ஓட்டு என்று வைத்தார்கள். பிரிட்டனின் 19 வருஷமும் நியூசிலாந்தின் 1951ஆம் தராசில் சரிசமம். இது பிழையில்லை. இது ஒரு தேர்வு. இதற்கு நியாயமும் உண்டு: ஒரே நாட்டின் அடுத்தடுத்த வருஷங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை, 19 வருஷத்தை 19 தனிச் சாட்சிகளாக எண்ணிவிட முடியாது. ஆனால் வருஷத்துக்கு ஓர் ஓட்டு என்பதற்கும் நியாயம் உண்டு. ஹெர்ன்டனும் ஆசிரியர்களும் விடுபட்டவற்றை எல்லாம் சேர்த்தபோது 10 நாடுகள், 110 நாட்டு–வருஷங்கள் கிடைத்தன. நாட்டுக்கு ஓர் ஓட்டு என்றாலும் சராசரி 1.9. வருஷத்துக்கு ஓர் ஓட்டு என்றால் 2.2. விளிம்பு காணாமற்போனது. கடன் 30க்குக் கீழ் இருந்தால் 4.2, 30லிருந்து 60 வரை 3.1, 60லிருந்து 90 வரை 3.2, அதற்கு மேல் 2.2. சரிவு இருக்கிறது. பாதாளம் இல்லை.

ஆக, அந்த நான்கு வருஷங்களை விட்டதும், நாட்டுக்கு ஓர் ஓட்டு என்று வைத்ததும் ஒன்றோடொன்று கை கோத்துத்தான் அந்த எண்ணைப் பெற்றன. எக்செல் பிழை வாசலில் கிடந்த செருப்பு. எல்லோரும் செருப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள், வீட்டுக்குள் யாரும் போகவில்லை. அந்தச் சிரிப்பு அதிகாரத்துக்கும் வசதியாயிற்று. 'மனிதப் பிழைதானே, திருத்திவிட்டோம்' என்று முடித்துக்கொள்ளலாம் அல்லவா? ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் சூத்திரப் பிழையை உடனே ஒப்புக்கொண்டார்கள். நியூசிலாந்துத் தரவு அப்போதுதான் சேர்க்கப்பட்டது, சரிபார்த்து முடியவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். எடைபோட்ட முறையில் தவறில்லை என்று நின்றார்கள். அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு எனக்கு ஆதாரமில்லை. சதிக் கோட்பாடு எனக்குத் தேவையுமில்லை. கருத்தியல் இயங்குவதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை என்பதை அல்துஸ்ஸர் காலத்திலிருந்தே பேசிக்கொண்டுதானே இருக்கிறோம். எதிர்பார்த்த விடை வந்துவிட்டால் கூட்டலைச் சரிபார்க்கும் கை தானாக நின்றுவிடுகிறது. எதிர்பாராத விடை வந்தால் மட்டும் அந்தக் கை திரும்பப் போய் எண்ணுகிறது.

1951இல் நியூசிலாந்தில் என்ன நடந்தது தெரியுமா? துறைமுகத் தொழிலாளர்கள் 151 நாட்கள் கதவடைப்பில் வெளியே நிறுத்தப்பட்ட வருஷம் அது. அவர்களுக்குச் சோறு போடுவதே குற்றம் என்று அவசரச் சட்டம் போட்டார்கள். வளர்ச்சி விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கம்பளி விலை ஏறி இறங்கியது முதற்கொண்டு வேறு பல இருக்கும். ஆனால் எக்செல் கட்டத்துக்குள் நுழைந்ததும் அந்த வருஷத்துக்கு வரலாறே இல்லாமற் போகிறது. அது வெறும் மைனஸ் 7.9 ஆகிறது, 'கடன் வளர்ச்சியைக் கொல்லும்' என்பதற்குச் சாட்சியாகிறது. அமெரிக்காவின் மைனஸ் 2.0க்கும் இதே கதைதான். 1946 முதல் 49 வரையான நான்கு வருஷங்கள் அவை. போர் முடிந்தது, பீரங்கித் தொழிற்சாலைகள் நின்றன, போர்க்காலத்தில் ஆலைக்கு அழைக்கப்பட்ட பெண்கள் திரும்ப அடுப்படிக்கு அனுப்பப்பட்டார்கள். உற்பத்தி குறைந்தது. கடன் அதே போரால் வந்தது. எது காரணம், எது விளைவு என்பதை ஒரு சராசரி சொல்லாது. அதே ஆம்ஹர்ஸ்டில் இருந்த அரிந்த்ரஜித் துபே 2013இலேயே இன்னொரு விதமாகத் தரவை அடுக்கிக் காட்டினார்: இன்றைய கடன் நாளைய வளர்ச்சியோடு பொருந்துவதைவிட நேற்றைய வளர்ச்சியோடுதான் நன்றாகப் பொருந்துகிறது. தேக்கம் முதலில் வந்து கடன் பின்னால் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

என் சொந்த அனுபவம் ஒன்றை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். 1996இல் ஓர் ஆய்வுத் திட்டத்தில் நான் கூலிக்குத் தரவு பதிந்தேன். கிராமத்துக் குடும்பங்களைப் பற்றிய கேள்வித்தாள்கள், ஒரு தாளுக்கு இவ்வளவு காசு என்று. பதில் இல்லாத இடத்தில் 99 என்று அடிக்க வேண்டும். அப்புறம் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் '99 என்றால் விடுபட்ட மதிப்பு' என்று ஒரு வரி எழுதி அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அது 99ஐ 99 என்றே எடுத்துக்கொள்ளும், பாவம் அதற்கென்ன தெரியும். ஒரு நாள் 'மாதத்தில் வேலை கிடைத்த நாட்கள்' என்பதற்குச் சராசரி 40 சொச்சம் வந்தது. அறை முழுக்கச் சிரித்தோம், திருத்தினோம். ஆனால் கடன் பகுதி நூறு ரூபாய்க் கணக்கில் இருந்தது. அங்கே 99 என்றால் 9,900 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு 9,900 கடன் இருப்பதில் என்ன அதிசயம்? யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியது ரொம்ப நாள் கழித்து, ஒரு சேரியின் தாள்களை வரிசையாகப் புரட்டும்போது. அடுத்தடுத்து 99, 99, 99. கேள்வி கேட்கப் போன பையனிடம் விசாரித்தேன். 'வட்டிக்குக் கொடுத்த ஆளே கூட நின்னுக்கிட்டு இருந்தாருண்ணே, எப்படிச் சொல்லுவாங்க' என்றான். வாய் திறக்க முடியாத நிலை 9,900 ரூபாயாகக் கணக்கில் ஏறியிருந்தது. திட்டப் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது என்றார்.

அபத்தமான பிழை பிடிபடும். நம்பும்படியான பிழை பிரசுரமாகும். ஹெர்ன்டனின் கதையைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சேரிதான்.

எக்செல் என்ற கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் கண்ணுக்குத் தெரிவது விடை. செய்த செயல் விடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அந்தக் கட்டத்தின் மேல் போய் நின்றால்தான் சூத்திரம் தெரியும். ஆயிரம் கட்டங்கள் இருந்தால் ஆயிரம் தடவை போய் நிற்க வேண்டும். யார் நிற்பார்கள்? ஹெர்ன்டனும் ஆசிரியர்களும் தங்கள் கணக்கை ஆர் என்ற நிரல்மொழியில் எழுதி, தரவையும் சேர்த்துப் பொதுவில் வைத்தார்கள். நிரலில் செயல் எழுத்தாக இருக்கிறது. எந்த வரிசையை எடுத்தாய், எதை விட்டாய், எப்படி எடைபோட்டாய் என்பதெல்லாம் மேலிருந்து கீழாக ஒரு பிரதியாகக் கிடக்கிறது. யாரும் உட்கார்ந்து வாசிக்கலாம், ஒரு வரியை மாற்றி ஓட்டிப் பார்க்கலாம், சண்டைக்கு வரலாம். ஆர் இலவசம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, 1995இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. ஆக்லாந்து நியூசிலாந்தில்தான் இருக்கிறது. விடுபட்ட வருஷங்களைத் திரும்பக் கொண்டுவந்த மொழியும் அதே ஊர்ச் சரக்கு என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இது நமக்குப் புதிய காரியமில்லை. 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்று சொல்லிவைத்த சமூகம் நாம். உ.வே. சாமிநாதையர் ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, ஓர் எழுத்துக்காக ஊர் ஊராகப் போனதை எல்லோரும் மெச்சுகிறோம். ஹெர்ன்டன் செய்ததும் பதிப்பு வேலைதான். மூல ஏட்டைக் கேட்டு வாங்கினார், பிரதி எடுத்தவன் எங்கே ஐந்து வரியைத் தாண்டிப் போனான் என்று பார்த்தார், எங்கே பாடம் நீக்கப்பட்டிருக்கிறது என்று பிரித்துக் காட்டினார். ஆனால் நம் ஆய்வேடுகளில் 'ஆய்வு நெறிமுறை' என்ற இயல் பெரும்பாலும் பிள்ளையார் சுழி மாதிரி. போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வழிகாட்டியின் முடிவு மாணவர் போட்ட கணக்கில் வரவில்லை என்றால், இங்கே அந்த மாணவரின் கதி என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

எண்ணையே சந்தேகிக்கும் தோழர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஃபூக்கோ வழியாக நாம் கற்றுக்கொண்டது சரிதான். 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற ஐரோப்பியச் சொல்லுக்குள்ளேயே அரசு உட்கார்ந்திருக்கிறது, எண்ணுவது ஆள்வதற்காகத்தான் வளர்ந்தது. ஆனால் மைனஸ் 0.1ஐ எதிர்த்து 'எல்லா எண்ணும் கட்டமைப்புதான்' என்று மட்டும் சொல்லியிருந்தால் ஆஸ்போர்னுக்கு ஒரு மயிரும் உதிர்ந்திருக்காது. அது எந்தக் கட்டத்தில், எந்த வரிசைகளை விட்டு, எந்த எடையில் கட்டமைக்கப்பட்டது என்று காட்டியபோதுதான் அறையில் சலசலப்பு வந்தது. கட்டமைப்பு என்று அறிவிப்பது சுலபம். கட்டை அவிழ்க்க விரல் வேண்டும்.

முழங்கும் தோழர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், எங்கள் துண்டறிக்கையிலிருந்த கூலி பற்றிய ஓர் எண்ணைக் காட்டி, 'இது எங்கேயிருந்து வந்தது?' என்று ஓர் இளம்பெண் எழுந்து கேட்டார். எதிரி முகாம் ஆள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். வீட்டுக்குப் போய்த் தேடினேன். வேறோர் அமைப்பின் பிரசுரத்திலிருந்து எடுத்திருந்தோம். அவர்களிடம் கேட்டால், அவர்கள் அதை எடுத்தது எங்களுடைய முந்தைய துண்டறிக்கை ஒன்றிலிருந்து. பாம்பு தன் வாலைத் தானே தின்றுகொண்டிருந்தது. எண் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைத் திறந்து காட்ட எங்களிடம் ஒரு எல் 51கூட இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு கசப்பையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஹெர்ன்டன் பிழையைக் காட்டிய பிறகு சிக்கன நடவடிக்கை நின்றதா? நிற்கவில்லை. கிரீஸில் வெட்டு தொடர்ந்தது, பிரிட்டனில் தொடர்ந்தது. அந்த எண் அவர்களுடைய முடிவுக்குக் காரணமாக இருந்ததே இல்லை, அலங்காரமாகத்தான் இருந்தது. அலங்காரம் உதிர்ந்தால் வேறொன்று மாட்டிக்கொள்வார்கள். ரைன்ஹார்ட்–ரோகாஃப் தரப்பும் சும்மா இல்லை. வின்சென்ட் ரைன்ஹார்ட்டும் சேர்ந்து மூவராக 2012இல் எழுதிய கட்டுரையில், நீண்டகாலம் 90க்கு மேல் கடனிருந்த காலகட்டங்களில் வளர்ச்சி 1.2 புள்ளி குறைவு என்று காட்டியிருந்தார்கள். அது ஹெர்ன்டன் காட்டிய சரிவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எனவே 'கடனுக்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு மாணவன் நிரூபித்துவிட்டான்' என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அவர் அதை நிரூபிக்கவில்லை, நிரூபித்ததாகச் சொல்லவும் இல்லை.

இன்னும் திறக்கப்படாத கட்டங்கள் எத்தனையோ. அரசின் பற்றாக்குறை 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் பிரெஞ்சு நிதி அமைச்சகத்தில் வேலைபார்த்த கீ அபெய், மித்திரோனுக்கு ஓர் எளிய வரம்பு தேவைப்பட்டபோது ஒரு மணி நேரத்துக்குள் தானும் ஒரு சகாவும் சேர்ந்து அந்த எண்ணைப் பிடித்ததாக, கோட்பாட்டு ஆதாரம் எதுவும் இல்லாமல் பிடித்ததாக, பின்னாளில் அவரே பேட்டிகளில் சொன்னார். 1992 மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் அது ஐரோப்பாவின் சட்டமாயிற்று. 2003இல் இந்தியாவின் நிதிப் பொறுப்புச் சட்டத்தின் இலக்கும் அதே 3. அதே வருஷம் தமிழ்நாடும் தனக்கொரு நிதிப் பொறுப்புச் சட்டம் போட்டுக்கொண்டது. பாரிஸ் எண்தான் இங்கே வந்து ஏறியது என்று நேர்கோடு போட நான் துணிய மாட்டேன். ஆனால் நம் சட்டத்தில் இருக்கும் 3இன் கணக்குத்தாளை யாராவது கேட்டு வாங்கியிருக்கிறார்களா? 2017இல் என்.கே. சிங் குழு பொதுக்கடனுக்கு 60 சதவீதம் என்று இலக்கு வைத்தபோது, அந்த 60இன் மேல் போய் நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பணியிடம் ஏன் காலி என்று கேட்டு ஊர்வலம் போகிற நாம், அந்த ஊர்வலம் போய் முட்டுகிற சுவரில் எழுதியிருக்கும் எண்ணை வாசிக்காமலே திரும்பி வருகிறோம்.

என் மகளிடம் கேட்டு நானும் இந்த வயதில் ஆர் கொஞ்சம் படித்துக்கொண்டேன். அதில் விடுபட்ட மதிப்புக்கு 99 போடும் வழக்கம் இல்லை, அதற்கென்றே தனிக் குறி உண்டு. ஒரு தரவுகூட விடுபட்டிருந்தால், சராசரி கேட்டாலும் அது எண்ணைத் தராது, அந்தக் குறியையே திருப்பிக் காட்டும். விட்டுவிட்டுக் கூட்டு என்று நாம் வாயைத் திறந்து சொன்னால்தான் விட்டுவிட்டுக் கூட்டும். சொன்னது நிரலில் பதிவாகியிருக்கும். இதைப் பார்த்த அன்று அந்தப் பழைய கிராமத் தாள்களை ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். திட்டப் பொறுப்பாளர் காலமாகிவிட்டார். அலுவலகம் இருந்த கட்டடத்தில் இப்போது வேறு ஏதோ இருக்கிறது. வெள்ளையடிக்கும்போது தாள்களையெல்லாம் எடைக்குப் போட்டதாக அங்கே பழைய காவலாளி சொன்னார். அச்சான அறிக்கை மட்டும் ஒரு நூலகத்தில் கிடைத்தது. கடன் பற்றிய பக்கத்தில் யாரோ பென்சிலால் அந்தச் சராசரியின் கீழ் கோடு போட்டிருந்தார்கள்.